சிவப்புக் கட்டம்

டீ நன்றாக இருக்கிறது இன்ஸ்பெக்டர் ஐயா, சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

மன்னார்குடியில் ஜோசப்ராஜ் டாக்டரின் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுத்தவன் நான். நோயாளியின் பெயரைத் தட்டினால், எந்த மருந்து ஆகாதோ அது சிவப்புக் கட்டத்தில் வரும். நடவுக்குப் போகிற பெண்களுக்கு மருந்தின் பெயர் எங்கே தெரியும்? "மஞ்சக் கலர் மாத்திர ஆகாதுங்க, மூஞ்சி வீங்கிடும்" என்பார்கள். நர்ஸ் கயல்விழி அதை அப்படியே தமிழில் அடித்து வைப்பாள்.

என் மனைவி அருள்மேரிக்கும் கட்டம் இருந்தது. டாக்டர் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஊசி போட்டார்; அதிலேயே போய்விட்டாள். அடக்கத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவர் சித்தம், ரெமி" என்றார். பழியைத் தூக்கி ஆண்டவர் தலையில் போட்டாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆனாலும் வேலையை விடவில்லை. விசுவாசமானவன் என்றார்கள். நான் காத்திருந்தேன்.

வாய்ப்பு தானாக வந்தது. தகவல்களை எடுத்துத் தரும் பழைய எக்ஸ்டென்ஷனை, அதாவது துணைப் பகுதியை, நான் புரோகிராம் எழுதிய பி.எச்.பி. மொழியின் புதிய பதிப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். புதியதற்கு மாறியே ஆகவேண்டும். இந்த வேலை தெரிந்த பிள்ளைகளெல்லாம் சென்னை, சிங்கப்பூர் என்று போய்விட்டதால் நான்தான் மாற்றினேன். ஒரே ஒரு வரியை விட்டேன். வரப்போவது தமிழ் எழுத்து என்று சொல்கிற வரி அது. இங்கிலீஷ் ஒழுங்காக வந்தது. சிவப்புக் கட்டத்தில் வெறும் கேள்விக்குறிகள்.

"சார், கட்டத்துல ஒண்ணும் புரியலீங்களே" என்றாள் கயல்விழி.

"புதுசும்மா. ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றேன்.

எப்படியும் பார்க்கப்போகாத மனிதர். கட்டத்தில் எது இருந்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாராவது செத்ததும் அந்த வரியைச் சேர்த்துவிடுவேன். எழுத்து பளிச்சென்று தெரியும், டாக்டர்தான் கவனிக்கவில்லை என்றாகும். நீங்களும் முதலில் அவரைத்தானே பிடித்தீர்கள்.

காலில் சீழ் வைத்து நினைவிழந்த குடவாசல் அமிர்தத்தைத் தூக்கிவந்தார்கள். கூட வந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. கயல்விழி எனக்குச் செய்தி அனுப்பினாள்: "அமிர்தம், குடவாசல். கட்டத்துல என்ன இருந்துச்சு சார்? டாக்டர் ஊசிய கையில வச்சிக்கிட்டு நிக்கிறாரு."

பழைய பிரதி என் லேப்டாப்பில் இருந்தது. திறந்து படித்தேன். 'பென்சிலின் ஊசி ஆகாது. மாயவரத்துல போட்டு உசுரு போயி வந்துச்சு.' அப்போது போன் அடித்தது. டாக்டர்தான். நின்று, மறுபடி அடித்தது. மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அமிர்தம் இறந்தது தெரிந்ததும் அந்த வரியைச் சேர்த்தேன்.

ஊசி போடுமுன் அவர் ஒரு தடவை திரையைப் பார்க்க வேண்டும், நான் கேட்டது அவ்வளவுதான் ஐயா. அருள்மேரி போன நாளிலிருந்து அவர் பார்க்காமல் ஒரு ஊசியும் போட்டதில்லை என்று கயல்விழி உங்களிடம் சொல்லியிருப்பாள்.

எனக்கும் தெரியும். பார்க்கிறவராக ஆகிவிட்டதால்தான் அந்த வரியை விட வேண்டியிருந்தது.