தொண்ணூற்றாறாவது கையெழுத்து

தொண்ணூற்றாறு வீட்டுக் கதவுகளும் தட்டியவுடன் திறக்கும் தகைமை பெற்றவரே! வீட்டு உரிமையாளர் சங்கத்தின் துணைவிதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் துளியும் பிசகாமல் சொல்பவரே! அடித்தளத் தண்ணீர்த் தொட்டி முதல் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வரை கண்ணுக்குள் வைத்துக் காத்தும், இக்குடியிருப்பின் ஒரு செங்கல்லுக்குக்கூட உரிமை கொண்டாடாத எங்கள் மேலாளர் அவர்களே! முன்னால் 'அக்கா' என்றும் முதுகுக்குப் பின்னால் 'சட்டக்கா' என்றும் பணியாளர்களாகிய நாங்கள் அழைத்துவந்த அன்புருவே! வணக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறுகிறீர்கள்! சங்கத் தலைவர்கள் பதினோரு பேர் மாறினார்கள், லிஃப்ட் இரண்டு முறை மாறியது, நீங்கள் மாறவில்லை. நடைபாதையில் செருப்பு அலமாரி போட்டவரிடம், "வாசப்படி வரைக்கும்தான் சார் உங்க வீடு. அந்தப் பக்கம் எல்லாருக்கும் பொது" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, அவர் கையாலேயே அதை உள்ளே எடுத்து வைக்கச் செய்தீர்கள். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றும் அந்த வித்தையை எங்கே கற்றீர்களோ!

பாராட்டு மடலில் புகழ் மட்டுமே இருக்க வேண்டுமாம். சொல்பவர்கள் சொல்லட்டும், எங்கள் மடலில் ஒரு மன்னிப்பும் இருக்கிறது. அதை இன்று கேட்காவிட்டால் எங்களுக்குச் சோறு இறங்காது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், நாம் கூடியிருக்கும் இதே அறையை, நாங்கள் உடை மாற்றி, உங்களோடு சேர்ந்து மதியம் உண்டு, சற்றே கால் நீட்டும் ஒரே இடத்தை, உடற்பயிற்சிக் கூடமாக்கச் சங்கம் விரும்பியது. பதிவுப் பத்திரத்தில் இது பணியாளருக்கான பொது அறை. அதை மாற்ற, ஒருவர் விடாமல் எல்லா உரிமையாளரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். சம்மதம் வாங்கும் வேலை உங்கள் தலையில் விழுந்தது. நீங்களும் தாளோடு புறப்பட்டீர்கள். எங்களுக்கு வயிறு எரிந்தது. "கூடவே இருந்து குழி பறிக்கிறாங்களே!" என்றார் துப்புரவுப் பணி செய்யும் பெரியம்மா. பத்து நாள் நாங்கள் உங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் அலுவலக மேசையில் தனியாக உண்டீர்கள்.

வாசல்தோறும் நீங்கள் செய்தது பிறகுதான் எங்கள் காதுக்கு வந்தது. எட்டுப் பேர் புழங்கும் அறை இது, அவர்களுக்கு வேறு அறை இல்லை, இதில் வீட்டு உரிமையாளரான உங்களுக்கும் பங்கு உண்டு என்று ஒவ்வொருவருக்கும் நின்று படித்துக் காட்டியிருக்கிறீர்கள்.

"எதுக்கும்மா படிச்சுக்கிட்டு? கையெழுத்துதானே வேணும், குடுங்க" என்றாராம் அன்றைய தலைவர்.

"படிக்காம போட்டா அது சம்மதம் ஆகாது சார்" என்றீர்களாம்.

போடுங்கள் என்றும் சொல்லவில்லை, போடாதீர்கள் என்றும் சொல்லவில்லை. தொண்ணூற்றைந்து பேர் போட்டுவிட்டார்கள். மிஞ்சியவர், எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர் என்று நாங்கள் கேலி பேசும் கணக்கு வாத்தியார்.

"அந்த ரூம்ல எனக்கும் பங்கு இருக்குன்னா சொல்றீங்க?"

"ஆமா சார். பிரிக்க முடியாத பங்கு."

"இத்தனை வருஷமா யாருமே சொல்லலையே! என் பங்கை நான் ஏன் விட்டுத் தரணும்? போடமாட்டேன், போங்க!"

கதவு சாத்திக்கொண்டது, எங்கள் அறை பிழைத்தது. இன்று தம் பங்கைப் பார்வையிட வந்தவர்போல் வாசலோரம் அமர்ந்திருக்கும் அவரும் பல்லாண்டு வாழ்க!

அக்கா, உங்கள் மனம் எந்தப் பக்கம் இருந்தது என்று நீங்கள் சொன்னதில்லை, நாங்களும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்தப் பத்து நாள் எங்கள் நெஞ்சில் முள்ளாய்க் குத்துகிறது. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, உண்ணாமல் கதவையே பார்த்தபடி நீங்கள் உட்கார்ந்திருந்ததை எங்கள் எலக்ட்ரீஷியன் பார்த்தார். பார்த்தும் பேசாமல் போய்விட்டார். தவறு எங்களுடையது. மன்னித்துவிடுங்கள்.

மூட்டுவலி முற்றும் அகன்று, மகளும் மருமகனும் பேத்தியும் சூழ, நோயும் நொடியும் அண்டாமல் நூறாண்டு நிறைவாய் வாழ்க! இம்மடலின் ஒரு படி உங்கள் வீட்டுக்கு. மற்றொரு படி இந்தச் சுவருக்கு. ஆணி அடிக்கச் சங்கத்தின் அனுமதியை எழுத்திலேயே வாங்கிவிட்டோம், பயப்படாதீர்கள்.

படித்தது போதும், சோறு ஆறுகிறது. எட்டுப் பேரும் பாத்திரத்தைத் திறக்காமல் காத்திருக்கிறோம். வாருங்கள் அக்கா, நடுவில் உட்காருங்கள்.

இங்ஙனம்,
காவலாளிகள், பம்பு இயக்குபவர், எலக்ட்ரீஷியன், தோட்டக்காரர், துப்புரவுப் பணியாளர்கள்