முப்பது வோல்ட்

"இந்த மீற்றர்ர ரெண்டு முனையையும் எங்க வெக்கிற, பஸ்னா?" என்று ஷிஃபானா மச்சி ஒருநாள் என்னிடம் கேட்டாள். வாகனத்துக்குப் பாட்டுச் செட் பூட்டுகிற தொழிலில் கேட்க வேண்டிய கேள்விதான். நான் விரலால் தொட்டுக் காட்டினேன்.

அவள் என் அண்ணன் அஸாம் காக்காவின் மனைவி. என் வயதுதான். எங்கள் ஆட்களில் கல்யாணம் முடித்த ஆண்தான் பெண்வீட்டுக்குக் குடிபோவான். காக்காவும் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வீட்டை விட்டுக் கிண்ணியாவுக்குப் போனார். நாங்கள் செட் பூட்டுகிற கொட்டிலும் சாமான்களும் அவரோடு போயின. அதில் பிழை இல்லை. நான் காலையில் பஸ் ஏறிப் போய் வேலை செய்துவிட்டுப் பின்னேரம் திரும்பி வருவேன்.

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். எழும்பி வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. கொட்டிலில் வாசிக்க வேண்டியதில்லை. காக்கா வெளியே ஆட்களோடு கதைப்பார், நான் உள்ளே இருந்து கெயின் வைப்பேன். செட்டை முழுச் சத்தத்தில் விட்டாலும் ஸ்பீக்கர் தாங்கும் அளவை, சத்தத்தைப் பெருக்குகிற அம்ப் தாண்டாதபடி ஒரு சின்னத் திருகாணியை நிறுத்துகிற வேலை அது. வேறு எந்த இடத்திலும் யாரும் எனக்காகக் காத்திருந்ததில்லை.

பிறகு மச்சியும் கொட்டிலுக்கு வரத் தொடங்கினாள். கெட்டிக்காரி. காக்காவுக்குச் சரியான சந்தோசம்.

"இனி நீ பஸ்ஸில இடிபட்டு வரத் தேவல்ல தங்கச்சி. உம்மாவோட ஊட்டில இரி" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

நான் வேலைக்கு வருகிற கடைசிக் கிழமை, வெள்ளிக்கிழமையன்று, நிலாவெளியில் வேன் ஓடுகிற சின்னராசா அண்ணன் வந்தார். எங்கேயோ வாங்கிய பெரிய அம்ப் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஸ்பீக்கர் சின்னது.

"அண்ணே, இது லொறிக்குப் போடுறது. உங்கட ஸ்பீக்கர் பாவம்" என்றார் காக்கா.

"நீர் போடும் தம்பி. நான் வாறது நிலாவெளி முழுக்கக் கேக்கோணும்."

"அப்ப பள்ளில பாங்கு சொல்றவர் வந்து உங்களுக்குத்தான் அடிப்பார்."

அவருடைய மகள் லதுசா வாய்பொத்திச் சிரித்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நேரமெல்லாம் அவள் வேனில்தான். பின் சீற்றில் படுத்து உறங்குவாள். அந்தச் சீற்றுக்குக் கீழேதான் ஸ்பீக்கர் பெட்டியைப் பூட்டினோம்.

காக்கா ஜும்மாத் தொழுகைக்குப் போகும்போது, "முப்பது வோல்ட்டில நிப்பாட்டுங்க, அதுக்கு மேல அந்த ஸ்பீக்கர் தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் மச்சி, மீற்றரை எங்கே வைப்பது என்ற அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அந்த அம்ப்பை நாங்கள் பிரிட்ஜ் பண்ணியிருந்தோம். அதாவது இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுத்திருந்தோம். ஒரு பக்கம் ஏறும்போது மற்றப் பக்கம் இறங்கும். ஆகையால் ஸ்பீக்கருக்குப் போகும் வோல்ட் ஒரு பக்கத்தில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. ஸ்பீக்கர் வயர் பூட்டுகிற அதே இரண்டு முனைகளில், அதாவது இரண்டு பக்கத்துப் பிளஸ்ஸிலும்தான், மீற்றரையும் வைக்க வேண்டும். நான் ஒரு பக்கத்தின் பிளஸ்ஸையும் மைனஸையும் காட்டினேன். அங்கே முப்பது என்றால் ஸ்பீக்கருக்கு அறுபது. வோல்ட் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு.

மச்சி திருகாணியை மெல்ல மெல்லத் திருப்பினாள். "முப்பது வந்திட்டு!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மீற்றரில் முப்பதுதான் நின்றது. நான் பொய் சொல்லவில்லை.

பள்ளியால் வந்த காக்கா கேட்டார். "முப்பதா?"

"ஓம். நான்தான் வெச்ச" என்றாள் மச்சி.

ஸ்பீக்கர் எரிந்தால் சின்னராசா அண்ணன் ஏசிக்கொண்டு திரும்பி வருவார், மச்சி திரும்பச் சமைக்கக் குசினிக்குப் போவாள், எனக்குப் பஸ் இருக்கும். இவ்வளவுதான் என் கணக்கு. ஸ்பீக்கரின் கம்பிச் சுருள் சூட்டில் சிவந்து, பெட்டிக்குள் திணித்த பஞ்சு தீப்பற்றிய கதை காக்கா சொல்லி எனக்குத் தெரியும். ஆனால் எல்லாப் பெட்டியும் பற்றுவதில்லை.

ஞாயிறு மத்தியானம் சின்னராசா அண்ணன் பாட்டை ஓட விட்டு, வெயிலுக்காக ஏசியும் போட்டு, கரைவலைக்காரரிடம் மீன் பார்க்க இறங்கினார். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. லதுசா பின் சீற்றில் உறங்கிக்கொண்டிருந்தாள். புகையைக் கண்டு ஆட்கள் ஓடிவந்து கண்ணாடியை உடைத்தார்கள். பிள்ளையைச் சவப்பெட்டியை மூடித்தான் அடக்கினார்கள் என்று சொன்னார்கள். நான் போகவில்லை. எனக்குச் சனக்கூட்டம் ஏலாது.

பொலிஸ் வந்தபோது மச்சி, "நான்தான் கெயின் வெச்ச" என்றாள். மீற்றரை எங்கே வைத்தாய் என்று காக்கா கேட்டார். அவள் காட்டினாள். யார் சொல்லித்தந்தது என்று கேட்டதற்கு, "ஒருத்தரும் இல்ல, நானாத்தான் பாத்த" என்றாள். அன்றைக்கே காக்கா அவளை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். பழைய அறையில் படுத்தார். உம்மா இடியப்பம் அவித்தா. அவர் இரவெல்லாம் இருமுவது எனக்குச் சுவருக்கு இப்பால் கேட்கும். வீடு நிறைந்திருந்தது.

நேற்று, காக்கா பொலிஸுக்குக் கையெழுத்து வைக்கப் போன நேரம், மச்சி அவருடைய சேட்டுகளை அயன் பண்ணிக் கொண்டுவந்தாள். மெலிந்திருந்தாள். என் கையைப் பிடித்தாள்.

"பஸ்னா, நீ யோசிக்காத. நீ தெரியாமத்தானே காட்டின. உனக்கு என்ன விளங்கும். அத நான் மௌத்தாகிற வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

எனக்கு விளங்காது என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பது சரியில்லை என்று பட்டது. தன்மேல் அவள் பழி போட்டுக்கொள்ளவும் கூடாது. அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"இல்ல மச்சி. எனக்குத் தெரியும். ரெண்டு பிளஸ்ஸிலயும்தான் வெக்கிற. அண்டைக்கும் தெரியும். லதுசா அந்தச் சீற்றில படுக்கிறதும் தெரியும்."

அவள் என் கையை விட்டாள். சேட்டுகளைக் கதிரையில் வைத்தாள். மேலே கிடந்த சேட்டின் கொலர் மடிந்திருந்தது, அதை நிமிர்த்திவிட்டாள். நான் தேத்தண்ணி ஊற்ற எழும்பினேன். அவள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் இறங்கிப் போனாள்.