பேயின் நடை

திருத்தணி பேருந்து நிலையம். பள்ளிப்பட்டு பஸ்ஸுக்கு வந்து நின்ற பெரியவரின் புது மொட்டையில் சந்தனம் இன்னும் காயவில்லை. பக்கத்தில் நின்ற திருநங்கை அவரிடம் கேட்டார்:

"அந்தப் பழைய படத்துல சேலை கட்டிகினு வந்த பேய் நீங்கதானே?"

"மொட்டை போட்டும் எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"நடைய வச்சுத்தான் நைனா."

"நடிகை வரல. வேற ஆள் போட காசில்லன்னு எனக்குச் சேலை கட்டிவிட்டாங்க. தியேட்டரே சிரிச்சுது. அன்னிலேர்ந்து இந்த நடைய மாத்தத்தான் பாக்கறேன்."

"நான் சிரிக்கல. அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. என்னை மாதிரியே நடக்க இன்னொருத்தர் இருக்காருன்னு நாலு தடவ பாத்தேன். மாத்தாதீங்க."

பஸ் வந்தது. பெரியவர் நாலடி நடந்து திரும்பினார்.

"அதே நடையா இருக்கா?"

"ஆங். இடுப்பு மட்டும் கொஞ்சம் கம்மி."

அதையும் சரிசெய்துகொண்டு பஸ்ஸில் ஏறினார்.