ப்ளோயர் பிடித்தவன்

பிற்பகல் இரண்டு மணி. நல்ல வெயில். லாரி ஷெட்டுகளுக்குப் பின்னால் போகும் அந்தச் சாலையில் ஒரு ஆள் கிடையாது... ஒரு மரம் கிடையாது. என் தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறான். பின் டயரில் காற்று இல்லை.

பேய் என்றால் ராத்திரிதான் வர வேண்டும் என்று யார் சொன்னது? இது பகலில் நடந்தது. யாருக்கோ நடந்து, யாரோ சொல்லிக் கேட்டதும் இல்லை. என் வீட்டில் நடந்தது. செத்துப்போன கூட்டாளியின் பங்கை என் தம்பி அமுக்கிக்கொண்டான் என்று வெளியில் ஒரு பேச்சு இருக்கிறது. அது காதில் விழுந்ததாக மாப்பிள்ளை சாப்பிடும்போது சொன்னார். கேட்ட பிறகு நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. கரண்ட் வரும்வரை எல்லோரும் இப்படி நெருங்கி உட்காருங்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் ஏமாற்றியதில்லை. ஏமாந்திருக்கிறோம். அது வேறு.

தம்பி லாரி மெக்கானிக். கூட்டாளி வெல்டர். ஒல்லியாக, கழுத்து வளைந்து இருப்பான். எல்லோரும் கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஜெட் இன்ஜின் செய்தார்கள்.

"ஜெட்டுன்னா... ஏரோப்ளேன்ல இருக்குமே, அதுவா மாமா?"

"அதேதான் மாப்பிள்ளை."

"பறக்கறதுக்கா?"

"பறக்கறதுக்கு இல்லைங்க, கத்தறதுக்கு," என்றாள் என் மகள். அவளுக்கு வாய் அதிகம்.

ஆனால் சொன்னதில் தப்பில்லை. லாரியில் டர்போ என்று ஒன்று இருக்கும். நத்தைக் கூடு மாதிரி இரண்டு. நடுவில் ஒரே தண்டு, அதன் இரண்டு முனையிலும் விசிறிச் சக்கரம். லாரிப் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். மற்றது காற்றை அமுக்கி இன்ஜினுக்குத் தரும். இவர்கள் லாரியை விட்டுவிட்டு டர்போவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கூட்டுக்கும் நடுவில் ஒரு எவர்சில்வர் குழாய். அதற்குள் ஓட்டை ஓட்டையாகத் துளைத்த இன்னொரு குழாய். அதில் காஸ் எரியும். எரிகிற வேகத்தில் சக்கரம் சுற்றும், சுற்றுவதால் காற்று வரும், காற்று வருவதால் எரியும். ஒரு தடவை பிடித்துக்கொண்டால் தானே ஓடும்.

பிடித்துக்கொள்ள வைப்பதுதான் பாடு. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் காற்று போகும் வாயில் ப்ளோயரை, அதாவது காற்று ஊதும் கை மெஷினை, அழுத்திப் பிடித்துச் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். இன்னொருவன் காஸ் வால்வில் நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். இனி தானே ஓடும் என்று தெரிந்ததும் "எடு!" என்று கத்துவான். அப்போது ப்ளோயரை எடுத்துவிட வேண்டும். அதற்கு முன்னாலேயே எடுத்தால் தீ பின்பக்கமாக வந்து முகத்தில் அடிக்கும். ப்ளோயர் பிடிக்கிறவன், வால்வில் நிற்பவனை நம்பித்தான் நிற்க வேண்டும்.

"உன் காது லாரிக் காதுடா மாப்ளே. உனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான். வால்வுல நான் நிக்கறேன்," என்பான் கொக்கி.

"என் மீசை போச்சுன்னா?"

"நான் எடுன்னு சொல்ற வரைக்கும் உன் மீசைக்கு நான் பொறுப்பு."

அப்படிப் பழகினார்கள். ஒருவன் இல்லாமல் மற்றவன் பற்றவைக்கக் கூடாது என்று கையடித்துக்கொண்டார்கள். வேலையெல்லாம் முடிந்து, வரும் ஞாயிறு பற்றவைப்பதாக இருந்தது. வெள்ளிக்கிழமை கொக்கி ஒரு கூரைச் சட்டத்திலிருந்து விழுந்து செத்தான்.

தம்பி இன்ஜின்மேல் தார்ப்பாயைப் போட்டான். தங்கள் ஷெட்டைப் பூட்டினான். யார் கேட்டும் திறக்கவில்லை. கடைசியில் கொக்கியின் மனைவியே எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"ஒரே ஒரு தடவை பத்தவைங்க அண்ணா. வீட்டை மறந்து அங்கேயே கெடந்தாரு. அது என்ன சத்தம் போடும்னாவது நான் கேக்கணும்."

தம்பி நிமிர்ந்து பார்க்கவில்லை. "முடியாதும்மா. அவன் இல்லாம தொட மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"அவருதான் போயிட்டாரே."

"நான் போகலையே."

அழுதுகொண்டே போனாள். பங்கை அமுக்கிவிட்டான் என்ற பேச்சு பிறந்தது அன்றைக்குத்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றியதற்கு என் தம்பிக்குக் கிடைத்த பெயர் அது.

சரி... சாலைக்கு வருவோம். கொக்கி போய் ஒரு மாதம் இருக்கும். தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஷெட்டை நெருங்குகிறான். முதலில் ஒரு ஊதல்... வெற்றுப் பானைக்குள் ஊதுகிற மாதிரி. ப்ளோயர். அப்படியே நின்றான். பிறகு பொத்தென்று ஒரு சத்தம். காஸ் பிடித்தது. அப்புறம் உறுமல். உறுமல் மெல்ல ஏறி, விசில்போல் மெலிந்து, பல் கூசுகிற அளவுக்குப் போய்...

"எடு!"

கொக்கியின் குரல்.

ப்ளோயர் ஓய்ந்தது. விசில் ஓயவில்லை. தானே ஓடியது.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். கதவில் அவன் போட்ட பூட்டு அப்படியே இருந்தது. திறந்தான். சத்தம் நின்றுவிட்டது. காஸ் எரிந்த வாடை. காய்ந்த எண்ணெய் வாடை. தார்ப்பாய் நான்காக மடித்து ஓரமாக வைத்திருந்தது. ஆள் இல்லை. இரும்பு ஆறுகிற சத்தம் மட்டும்... டிக்... டிக்... வெள்ளையாக இருந்த குழாய் நீலம் பாய்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தான். விரல் கொப்புளித்தது. அந்தக் கொப்புளத்தை நான் என் கண்ணால் பார்த்தேன்.

நீங்களாக இருந்தால் பயந்திருப்பீர்கள். அவன் பயப்படவில்லை. என் எதிரில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

"என்னை ஏமாத்திட்டான் அண்ணா."

"யாரு, செத்தவனா?"

"செத்தா? சொன்ன சொல்லும் சேந்து செத்துடுமா? அவன் பொண்டாட்டி கெஞ்சினப்ப முடியாதுன்னேன். யாருக்காக?" முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஒரு ஆளால முடியாதுண்ணா. இவன் வால்வுல நின்னா ப்ளோயரை யார் பிடிச்சது? என் எடத்துல எவன் நின்னான்?"

பேய் வந்தது அவனுக்குப் பெரிதில்லை. வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டதுதான் பெரிது.

எனக்குக் கொக்கியின் மனைவிமேல் சந்தேகம். கொக்கியிடம் இன்னொரு சாவி உண்டு. நேரே போய்க் கேட்டேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த மூட்டையை அவிழ்த்துக் காட்டினாள். துவைக்காத சட்டை. பையில் சாவி. ரத்தம் காய்ந்து துணியோடு ஒட்டியிருந்தது. பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தப்பாக நினைத்ததற்கு வெட்கப்பட்டு, நடந்ததைச் சொன்னேன்.

"பத்தவெச்சுட்டாரா?" என்றாள். பிறகு, "என்னைக் கூப்பிடலையே," என்றாள்.

மறுநாள் பகலில் மூன்று பேரும் போனோம். கதவை உள்ளே தாழிட்டோம். தம்பி சிலிண்டரிலிருந்து காஸ் ட்யூபைக் கழற்றி எறிந்தான். ப்ளோயரின் வயரைப் பிடுங்கித் தரையில் போட்டான். தார்ப்பாயைத் திரும்ப இன்ஜின்மேல் போட்டு மூடினான்.

"இப்ப பத்தவைக்கட்டும், பாக்கறேன்."

சுவரோரம் நின்றோம். வெயிலில் தகரக் கூரை முறுக்கிக்கொள்ளும் சத்தம். திடீரென்று வெல்டிங் புகை வாடை... தார்ப்பாய் நழுவியது. காற்றில் நான்காக மடிந்தது, யாரோ அவசரமில்லாமல் மடிக்கிற மாதிரி. ப்ளோயர் தரையை விட்டு எழுந்தது. பிடுங்கிப் போட்ட வயர் அதன் பின்னால் ஊர்ந்தது. ஊதல். பொத். உறுமல். குழாய் சிவந்தது. கூரைத் தகரமெல்லாம் நடுங்கியது. அந்தப் பெண் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தம்பி முன்னால் போனான். "டேய் கொக்கி! யாருடா அது? என் எடத்துல யாரைடா நிக்க வெச்சிருக்கே?"

"எடு!"

பக்கத்தில்தான் கேட்டது. எவ்வளவு சந்தோஷமான குரல்...

ப்ளோயர் விலகியது. விலகி, மெதுவாகத் திரும்பியது. பிடித்திருந்தவன் எங்கள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். எனக்கு ப்ளோயர் மட்டும்தான் தெரிந்தது. தம்பிக்கு ஆளே தெரிந்தான்.

தம்பியின் முகத்தைப் பார்த்தேன். முதலில் கோபம் வடிந்தது. அப்புறம் மற்ற எல்லாமே வடிந்தது. இன்ஜின் ஓய்ந்து, ப்ளோயர் தரையில் விழுந்தது.

வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டேன்.

"யாருடா அது?"

"அவன் வாக்குத் தவறல அண்ணா. அங்க நின்னது நான்தான். மூஞ்சி, மீசை, இந்தக் கிழிஞ்ச காலர்... நானேதான். சிரிச்சுக்கிட்டு நின்னேன்." தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப இங்க நிக்கறது யாரு?"

என் தம்பிதான் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? அன்றிலிருந்து எல்லோரிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏமாந்தது யார் என்று இப்போது சொல்லுங்கள். கொக்கி என் தம்பியைத் தன்னோடு வைத்துக்கொண்டு, இதை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். வீட்டுக்குள் வந்துவிட்டதை வெளியே தள்ளுகிறவர்கள் இல்லை நாங்கள். சோறு போட்டேன். துணி எடுத்துக் கொடுத்தேன். கல்யாணத்துக்குப் பெண் மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. இன்னொரு வீட்டை நான் ஏமாற்ற மாட்டேன்.

"மாமா..." மாப்பிள்ளை இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். "சின்ன மாமா... முன் ரூம்லதானே தூங்கறாரு?"

படுத்திருக்கிறான், மாப்பிள்ளை. இத்தனை வருஷத்தில் அவன் கண் மூடி நான் பார்த்ததில்லை.