ஊளை அடங்கிய பற்றைக்காடு

அவைத்தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, துயர் சுமந்து கூடியிருக்கும் புளியங்கூடல் மக்களே, மாதர் சங்கத் தலைவி நிமலினியின் பணிவான வணக்கம். காலந்தாழ்த்தி வந்தமைக்கு மன்னிப்பை வேண்டுகிறேன். கடந்த கிழமை நம்மைப் பிரிந்த மார்க்கண்டு அண்ணையின் புதர் மண்டிய பற்றைக் காணியோரம் பொழுதுபடும்வரை நின்றிருந்தேன். நரி ஊளையிடுமென்று காத்திருந்தேன். ஊளை எழவில்லை.

ஆடு வளர்த்த ஒருவர் நரியைக் காத்தார் என்றால் வெளியூரவர் நம்புவார்களா? நாமே நம்பவில்லையே! நரி ஓநாயின் சிறிய உறவு. ஆணும் பெண்ணும் பிரியாது வாழ்ந்து, சேர்ந்தே குட்டிகளை வளர்க்கும். கரையோர நண்டும் வயல் எலியும் செத்த பிராணியுமே பெரும்பாலும் இதன் உணவு என்று வீடு வீடாகச் சொன்னவர் அவர். கோடையில் சைக்கிளில் தண்ணீர் காவிச் சென்று பற்றையோரத் தொட்டியில் ஊற்றியவர் அவர். உலகக் கணக்கில் நரியினம் அழியும் ஆபத்தில்லையாம். எங்கள் ஊரின் கணக்கில்? அந்தப் பற்றையில் வாழ்ந்தது ஒரேயொரு சோடி.

என் ஆட்டுக்குட்டி காணாமற்போன அன்று, நஞ்சு வைக்கப்போவதாகச் சொல்லி அவர் வீட்டு வாசல் படலையில் நின்றேன். அவர் சிரித்தார்.

"தங்கச்சி, முதல் உம்மட ஆட்டுக்கொட்டிலுக்கு ஒரு கதவு போடும். நீர் சங்கத்தில நாள் முழுக்க முழங்கிறீர், அதுகள் பொழுதுபட ஒருக்கா ஊளையிடுதுகள். ஆரை ஊரைவிட்டுக் கலைக்கிறது?"

அன்று பின்னேரமே பனைமட்டையோடு வந்து கதவைக் கட்டித் தந்தவரும் அவரே. பிறகு என் கொட்டிலில் ஒரு குட்டியும் குறையவில்லை.

அத்தகைய பெருமகனுக்கு நாம் என்ன செய்தோம்? இறுதி ஊர்வலத்தில் அந்தப் பற்றையோரமாகவே வெடி கொளுத்தினோம். மரியாதை என்று எண்ணித்தான் கொளுத்தினோம். அவரைச் சுமந்தபடியே, அவர் காத்தவற்றைக் கலைத்துவிட்டோம். அவர் துணைவியார் சீதேவி அக்கா பொழுதுபட முற்றத்தில் கதிரை போட்டு இருக்கிறார். "அதுகளும் போயிட்டுதுகளோ, பிள்ளை?" என்று கேட்டார். அதை அறியவே இன்று அந்தப் பற்றையோரம் போய் நின்றேன்.

மேடையிலிருக்கும் அவர் மருமகன் ஜெயரூபன் அவர்களே, அதே பற்றையை வெட்டித் துப்புரவாக்கி, மாமாவின் பெயரில் நினைவு மண்டபம் எழுப்புவதாக அறிவித்துள்ளீர்கள். உங்கள் அன்பில் எனக்கு ஐயமில்லை. வெடியும் அன்பினால்தான் கொளுத்தினோம்.

மண்டபத்தைச் சங்கக் காணியில் கட்டுங்கள். நிலம் தர நாங்கள் கூடி முடிவெடுத்துவிட்டோம். பற்றை இருந்தபடியே இருந்தால், கலைந்து போனவை திரும்பி வரக்கூடும். அவர் தொட்டியில் இனி நாங்கள் தண்ணீர் ஊற்றுவோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையன்று அங்கே ஒரு வெடியும் வெடிக்க விடமாட்டோம்.

காடு வெட்டும் இயந்திரம் திங்கட்கிழமை வருவதாக அறிகிறேன். அதற்கு முன், தயவுசெய்து, விரைவில் பதில் தாருங்கள்.