கஸ்பரின் கடைவாய்ப் பல்

மில்லிக்கனில் என் வீட்டுப் பின்வளவு மண்ணைப் போல ஒரு மண் இந்த ரொறன்ரோவிலேயே கிடையாது. போன வருடம் ஒரே தக்காளிச் செடியில் நாலாயிரம் பழம் பறித்தேன். சரி, நாற்பது. பொலிஸ் வேலையில் ஒரு தமிழ்ப் பிள்ளையைக் கண்ட சந்தோசத்தில்தான், சிவானி, இதை என் கையாலேயே எழுதித் தருகிறேன்.

விமான நிலையத்தில் பெட்டி தூக்கி ஓய்வுபெற்ற நான், பதினொரு வருடமாகக் கெல்ட்டியரைப் பற்றி ஒரு நூல் எழுதினேன். ஐரோப்பாவின் அந்தப் பழைய மக்கள் சில இடங்களில் இறந்தவரை முழங்கால் மடக்கி, பக்கவாட்டில் கிடத்தி, தலைமாட்டில் பாத்திரம் வைத்துப் புதைத்தார்கள். எங்கள் முன்னோரும் பாத்திரம் வைத்தார்கள். ஆகவே கெல்ட்டியர் கப்பலேறிப் போன தமிழர். வெளியீட்டு விழாவுக்கு மண்டபமும் எடுத்தாயிற்று. அரை ரொறன்ரோ வருவதாக இருந்தது. குறைந்தது முப்பது பேர். கஸ்பரின் அணிந்துரை ஒன்றுதான் பாக்கி.

கஸ்பர் மன்னார்க்காரர். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் முப்பது வருடம் பழங்காலப் பற்களை அறுத்தவர். சிறுவயதில் குடித்த தண்ணீரின் அடையாளம் செத்த பிறகும் பல்லில் இருக்கும் என்பார். அவர் ஒரு பக்கம் எழுதினால் என் நூலைப் பார்த்து ஒருவரும் சிரிக்க மாட்டார்கள்.

"சச்சி அண்ணை, உங்கட அட்டைப்படத்தில எலும்புக்கூடாக் கிடக்கிற கெல்ட்டியன்ர பல்லைச் சோதிச்ச அறிக்கை வாசிச்சன். அவன் பிறந்த இடத்தை விட்டுப் பத்து மைல் போகேல்லை. நீங்கள் அவனைக் கப்பல்ல ஏத்துறியள்."

"ஒரு பக்கம் எழுதுமன், கஸ்பர்."

"எழுத மாட்டன். விழாவுக்கு வந்தால் மேடையிலயே சொல்லிப்போடுவன். பல்லு பொய் சொல்லாது, அண்ணை."

அந்த வார்த்தை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மன்னார்த் தண்ணீரில் வளர்ந்த பற்கள், கனடா மண்ணில், கெல்ட்டிய முறையில். இரண்டாயிரம் வருடம் கழித்துத் தோண்டுகிறவன் வேறு என்ன முடிவுக்கு வருவான்? ஆதாரம் இல்லை என்றவரே ஆதாரமாவது எவ்வளவு பெரிய கௌரவம்.

செவ்வாய் மத்தியானம் குழி வெட்டினேன். பயிற்றங்கொடிக்கு என்று பக்கத்து வீட்டாருக்குச் சொன்னேன். நாலு மணிக்குக் கஸ்பரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டு, என் நித்திரைக் குளிசைகள் அத்தனையையும் அதில் கரைத்தேன். "சீனி கூடிப்போச்சு, அண்ணை," என்றார். மரியாதையான மனிதர், முழுவதையும் குடித்தார். தள்ளுவண்டியில் கொண்டுபோய், இடப்பக்கமாகக் கிடத்தி, முழங்காலை நாடிவரை மடக்கி, தலைமாட்டில் செம்பு வைத்தேன். கோபம் துளியும் இல்லை.

பிறகு அவருடைய மனைவி பேர்ணடெற்றை ஏற்றிக்கொண்டு, மிசிசாகாவரை கார் ஓடி அவரைத் தேடினேன். பாவம், அந்த மனுசிக்கு ஆறுதல் வேண்டும். நீங்கள்தான் பொறுமையில்லாமல் மூன்றே கிழமையில் தோண்டிவிட்டீர்கள்.

நேற்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் எழும்பிப் போனீர்கள்: "அங்கிள், மண் போடேக்க அவருக்கு உயிர் இருந்ததா?"

ஓம் பிள்ளை, இருந்தது. விறைத்த பிறகு முழங்கால் மடங்காது. அதற்காக ஓர் ஆராய்ச்சியை அரைகுறையாகச் செய்ய முடியுமா?