ரெண்டு அட்டைப்பெட்டி, ஒரே கைப்பிடி

— அண்ணி, தள்ளி நில்லுங்க! பெட்டிக்குள்ள எட்டிப் பார்க்கக்கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க?

— நான் எங்க தம்பி எட்டிப் பார்த்தேன்? கைப்பிடி நேரா நிக்குதான்னு பார்த்தேன், அவ்வளவுதான்.

— எல்லாம் நேராத்தான் நிக்குது. உங்க ரெண்டு பேரையும் சமையல்ரூம்ல நிக்க வச்சுட்டு, அரைமணி நேரம் மேஜைக்கடியில முட்டி போட்டு ஒயர் சொருகினவன் நான். கலைச்சு விட்டீங்கன்னா மறுபடி பண்ணமாட்டேன், சொல்லிட்டேன்.

— கோவிச்சுக்காதேண்ணா. ஒரு தடவை தெளிவாச் சொல்லிடு. இந்த ரெண்டு அட்டைப்பெட்டியில ஒண்ணுக்குள்ள, கம்ப்யூட்டர் விளையாட்டுல நான் விமானம் ஓட்டற என்னோட ஜாய்ஸ்டிக். இன்னொண்ணுக்குள்ள அதே மாதிரி அண்ணி கடைஞ்சு பண்ணினது. மேல ஓட்டை வழியா நீட்டிக்கிட்டிருக்கற கைப்பிடி ரெண்டும் ஒரே கம்பெனி. எது எங்க இருக்குன்னு உனக்கு மட்டும்தான் தெரியும்.

— எனக்கு மட்டும்தான் தெரியும். எதுக்கு வம்புன்னு ஓரமா இருந்தவனைப் பிடிச்சு நடுவராக்கிட்டீங்க.

— ஒண்ணும் தெரியாதவங்கதானே நடுவரா இருக்கணும்? விமானம் மேல போகுதா கீழ வருதான்னே உங்களுக்குத் தெரியாது. உங்களை விட்டா யாரு?

— அண்ணி, நீங்க ஒரு தடவை தொட்டுப் பாருங்களேன்.

— ஊகூம். நான் தொட்டா என் கைக்கு உடனே தெரிஞ்சுடும். அப்புறம் என் மூஞ்சியே உனக்குச் சொல்லிக் கொடுத்துடும். நீ உட்காரு கேப்டன். மருந்துக்கடையில மாத்திரை எண்ணற கை என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்.

— கிண்டல் பண்ணாதீங்க. ஒரு மாத்திரை கூடுதலா விழுந்தாக்கூட இந்த விரலுக்குத் தெரியும். ஆறு மாசமா தினம் ஒட்டிக்கிட்டுத் திரியறேன், என் ஸ்டிக் எனக்குத் தெரியாதா? சத்தியமாச் சொல்றேன், ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவேன்.

— கண்டுபிடி, வேண்டாங்கலை. ஆனா ஒண்ணு. அண்ணி எட்டு மாசம் கஷ்டப்பட்டாளேன்னு பாவம் பார்த்து எதையாவது சொல்லி வைக்காதே. நாளைக்குக் காலைல நான் ஃபேக்டரில பதில் சொல்லணும். சூப்பர்வைசர் வேலைக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டா மூணு வருஷத்துக்கு வெளிவேலை எதையும் தொடக்கூடாது. என்னோடது உன்னோடதுக்குப் பக்கத்துல நிக்கும்னு நீ சொன்னீன்னா, அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டு சொந்தமாப் பட்டறை போட்டுடுவேன்.

— எடுத்த எடுப்புல கிழிக்கறதைப் பத்திப் பேசறா பாரு. பதினாலு வருஷம் லேத்துல நின்னு நின்னு கால் வீங்கி, இப்பத்தான் உட்கார்ந்து பார்க்கற வேலை கிடைச்சிருக்கு. நான் பிரிண்டிங் பிரஸ் வச்சு, ஒண்ணரை வருஷத்துல ஷட்டரை இழுத்து மூடினேனே, வீட்டுக்கு அது ஒண்ணு போதாதா?

— என்னங்க, அதை இன்னைக்குப் பேசவேண்டாம்னு சொன்னீங்களே.

— சரி, பேசலை. எதுக்கு வம்பு.

— ஆரம்பிக்கறேன்! முதல்ல இடதுபக்கம். கிளம்பறோம்... அய்யோ அய்யோ! அண்ணி!

— என்ன தம்பி, என்ன ஆச்சு?

— ஒண்ணும் ஆகலை, அருமையா இருக்கு! லேசா இழுத்தேன், அப்படியே கையோட வந்துச்சு. சில ஸ்டிக்குல முதல்ல ஒரு முரண்டு இருக்கும். நீங்க தள்ளுவீங்க, அது நகராது, இன்னும் கொஞ்சம் தள்ளினா பொசுக்குன்னு ஓடிடும். அதுதான் ஆளைக் கொல்லும். இதுல அது இல்லவே இல்லை!

— நடுவுல விட்டுப் பாரு. கையை எடுத்துடு.

— எடுத்தேன். வந்து நின்னுடுச்சு. ஆடலை, குலுங்கலை. சமர்த்தா நிக்குது. இனி ஓரத்துக்குக் கொண்டுபோறேன்... போகப்போக இறுகுது. திடீர்னு இல்லை, கொஞ்சம் கொஞ்சமா. எவ்வளவு திருப்பியிருக்கேன்னு ஸ்கிரீனைப் பார்க்காமலே கைக்குத் தெரியுது.

— அந்த இறுக்கம் ஸ்பிரிங்ல வர்றது இல்லை தம்பி, ஸ்பிரிங் அழுத்தற உருளை ஓடற மேடு இருக்கே, அந்த வளைவுல வருது. அதை வழவழன்னு கொண்டுவர்றதுக்குத்தான் நான் பதினேழு துண்டு கடைஞ்சு குப்பையில போட்டேன்.

— டேய், இது என்னடா, முன்னாடி இவ்வளவு பெரிய விமானம் போகுது? போய் மோதிடப்போறே!

— மோதறதுக்கு இல்லைண்ணா, அது பெட்ரோல் விமானம். பறந்துக்கிட்டிருக்கும்போதே அதுக்குப் பின்னாடி போய்க் குழாய்ல மூக்கைச் சொருகிப் பெட்ரோல் வாங்கணும். ஸ்டிக் நல்ல ஸ்டிக்கான்னு பார்க்க இதை விட்டா வேற பரீட்சையே கிடையாது. முடியளவு அசைச்சா முடியளவுதான் அசையணும். மூச்சை விடாதீங்க யாரும்!

— நாங்க மூச்சு விட்டா விமானம் ஆடுமா?

— என் கை ஆடும்! இருபதடி... பதினஞ்சு... கொஞ்சம் மேல... போதும், போதும்... பத்தடி...

— இடதுபக்கம் போகுதுடா! இடது பக்கம்! மெதுவா!

— தெரியுதுண்ணா, நீ மேஜையைப் பிடிக்காதே! அஞ்சு... மூணு... சொருகிடுச்சு! சொருகிடுச்சு அண்ணி! முதல் தடவையிலேயே! ஆறு மாசத்துல எனக்கு முதல் தடவையிலேயே சொருகினது ரெண்டே நாள்தான்!

— அடேங்கப்பா! என்னங்க, பார்த்தீங்களா? நீங்களே எழுந்து நின்னுட்டீங்க!

— நானா? கால் மரத்துப்போச்சு, அதான்.

— சும்மா புளுகாதேண்ணா, எனக்கு மேல நீதான் கத்தினே. சரி, இப்ப வலதுபக்கம். அதே ஓட்டம், அதே பெட்ரோல் விமானம். கிளம்பியாச்சு... நல்லாத்தான் இருக்கு. நிஜமாவே நல்லா இருக்கு. கனம் இருக்கு, இறுக்கம் இருக்கு. வெளியில காட்டினா யாரும் குறை சொல்லமாட்டாங்க.

— ஆனா?

— ஆனான்னு நான் சொல்லவே இல்லையே.

— உன் புருவம் சொல்லுச்சு. பாவம் பார்க்காதேன்னு சொன்னேனில்லையா? சொல்லு.

— நடுவுல ஏதோ இருக்கு அண்ணி. ஒரு மணல் துகள் உள்ள மாட்டிக்கிட்ட மாதிரி. நடுவைத் தாண்டும்போது தட்டுது. பெரிசா இல்லை. ரோட்டுல போற வண்டிக்குக் கவலையே இல்லை. ஆனா குழாய்ல சொருகணுமே.

— எங்க தட்டுது? முன்னாடி பின்னாடி போகும்போதா, இடம் வலம் போகும்போதா?

— முன்னாடி பின்னாடி. இடம் வலம் சுத்தமா இருக்கு. இதோ பாருங்க, பத்தடியில நிக்கறேன். மேல போகணும், துளிதான் போகணும். தொட்டா... பார்த்தீங்களா, கூடுதலாப் போயிடுச்சு. சரின்னு கீழ இறக்கினா... அய்யோ, அதுவும் கூடுதல்! போச்சு. குழாய் நழுவிடுச்சு.

— இன்னொரு தடவை முயற்சி பண்ணு தம்பி.

— பண்றேன், பண்றேன். எட்டடி... ஆறு... அய்யய்யோ! மறுபடி அதே இடத்துல!

— இன்னும் ஒரே ஒரு தடவை.

— அண்ணி...

— ஒண்ணே ஒண்ணு. கை பழகணும் இல்லையா?

— சரி... மெதுவா... நாலு... ம்ஹூம். இடிச்சுட்டேன். பெட்ரோல் விமானத்தோட சேர்த்து நானும் போய்ச் சேர்ந்தேன்.

— சரி விடு. எதுக்கும் மறுபடி இடதுபக்கத்தைப் பிடிச்சுப் பாரு. ரெண்டையும் மாத்தி மாத்திப் பிடிச்சாத்தான் வித்தியாசம் சரியாத் தெரியும்.

— தேவையே இல்லை. ஆனா ஆசையா இருக்கு, அதனால பிடிக்கறேன். ஆ! பாருங்க, வெண்ணெய்! இதைப் பிடிச்சுட்டு அதைப் பிடிக்கவே கூடாது. இதுதான் என் செல்லம். இதுதான் என்னோட ஸ்டிக். சத்தியம் பண்ணட்டுமா?

— நிஜமாவா? அவசரப்படாம சொல்லு தம்பி. நிச்சயமா?

— நிச்சயம். சொல்லப்போனா என் வீட்டுல இருக்கறதைவிட இங்க இன்னும் அருமையா இருக்கு. வீட்டுல இதுலயும் ஏதோ லேசாத் தட்டற மாதிரிதான் இருக்கும். என் மேஜை ஆடற மேஜை, அதனாலதான்னு நினைச்சுக்குவேன். உங்க மேஜை என்ன கெட்டி! மேஜை இவ்வளவு வித்தியாசம் காட்டும்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது. நானும் போய் ஒரு கெட்டி மேஜை வாங்கப்போறேன்!

— அப்ப வலதுபக்கம் என்னோடது.

— ஆமா அண்ணி. மனசுல எதுவும் வச்சுக்காதீங்க. நூத்துக்குத் தொண்ணூறு வந்திருக்கு! தனி ஆளா, சாப்பாட்டு இடைவேளையில, கடைஞ்சு கடைஞ்சு தொண்ணூறு! என் கூட்டாளிங்ககிட்டச் சொன்னா நம்பமாட்டாங்க. ஆனா நீங்க பொய் சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டீங்க. அந்தக் கடைசிப் பத்துதான் அண்ணி கம்பெனிக்காரன் வச்சிருக்கான். அந்தப் பத்துக்குத்தான் எல்லாரும் வாங்கறாங்க.

— என்னங்க, நீங்க சொல்லுங்க. தம்பி சொல்றது சரியா? இடதுபக்கம் இருக்கறது தம்பியோடதுதானா?

— அண்ணா, சொல்லேன். ஏன் அப்படி நிக்கறே?

— ஆமா. சரியாச் சொல்லிட்டான்.

— பார்த்தீங்களா, நான்தான் சொன்னேனே, என் கைக்குத் தெரியாம... அண்ணி? அண்ணி, அழறீங்களா?

— யாரு அழறா? சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நல்ல பரீட்சை தம்பி. நான் கேட்ட மாதிரியே பண்ணினே. அந்த முன் பின் மேட்டை மூணு தடவை இழைச்சேன், சரியாயிடுச்சுன்னு நினைச்சேன். என் விரலுக்கு அது தெரியலையேன்னுதான் கொஞ்சம்...

— பெட்டியைத் தூக்குங்க, அந்த மேட்டை இப்பவே பார்ப்போம். இன்னொண்ணு கடைஞ்சா சரியாயிடும்!

— இருடா, பெட்டி எங்கயும் ஓடிடாது. அப்புறம் தூக்கலாம்.

— ஆமா தம்பி, இன்னைக்கு வேண்டாம். எனக்கு அதைப் பார்க்க மனசு வரலை. இன்னொண்ணு கடையறதுக்கு நாளைக்குக் காலைக்குள்ள நேரமும் இல்லை. விடு, உட்கார்ந்து பார்க்கற வேலை என்ன மட்டமா? கால் வீங்காது. உங்க அண்ணனும் நிம்மதியாத் தூங்குவார். என்னங்க, இப்பச் சந்தோஷம்தானே? தலையாவது ஆட்டுங்க. எட்டு மாசமா வேண்டாம் வேண்டாம்னு சொன்னது நீங்கதானே? நீங்க சொன்னதுதான் கடைசியில நடந்திருக்கு. அந்தப் பேப்பர் அலமாரி மேல இருக்கு, எடுத்துக் கொடு தம்பி. இப்பவே கையெழுத்துப் போட்டு வச்சுடறேன். ராத்திரி முழுக்க அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க என்னால ஆகாது.

— இந்தாங்க அண்ணி. எனக்கு ஒரு மாதிரி இருக்கு. நான் கொஞ்சம் குறைச்சுச் சொல்லியிருக்கலாமோ?

— போடா பைத்தியம். குறைச்சுச் சொல்லியிருந்தா உன்கிட்டப் பேசியே இருக்கமாட்டேன். எங்க போடணும்... ரெண்டாம் பக்கத்துல, கீழ. என்னங்க, பேனா உங்க கையிலதானே இருக்கு, குடுங்க. குடுங்கன்னா. விளையாடாதீங்க. ஏன் இப்படி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருக்கீங்க?

— தரமாட்டேன். பயத்துல பொய் சொல்லிட்டேன்மா. இடதுபக்கம் இருக்கறது நீ பண்ணினது.